கல்யாண மேடைக்கு நிறமும் துணியும்: மதுரைப் பக்கத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் அப்பா மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே, புதுமண்டபத்துத் தூண்களுக்கிடையே தையல் மெஷின் போட்டிருந்தவர். சித்திரை பிறந்தால் அழகருக்கு நேர்ந்துகொண்டவர்களுக்கு உருமா என்னும் தலைப்பாகையும் கச்சையும் கால்சட்டையும் தைப்பார். மற்ற மாதங்களில் தேருக்கும் கோயில் வாசலுக்கும் தொம்பை என்னும் நீண்ட குழல் துணி, தோரணம். அந்தத் துணிகளுக்கு நடுவில் வளர்ந்த நான் இப்போது கல்யாண மேடைக்குத் தைக்கிறேன். முகூர்த்த மாதம் நெருங்கும்போது வருகிற கேள்விகளில் பெரும்பாலானவை ஒன்றேபோல் இருப்பதால், பதில்களை ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

முதலில் எதைத் தீர்மானிக்க வேண்டும், மேடையின் நிறத்தையா, முகூர்த்தச் சேலையையா?

இரண்டுக்கும் முன்னால் மண்டபத்தைப் போய்ப் பாருங்கள். சுவரின் வண்ணம், தரை, நாற்காலி உறை, மேடையில் ஏற்கெனவே தொங்கும் திரை, விளக்குகள் ஆகிய ஐந்தையும் நாம் மாற்ற முடியாது. ரோஸ் நிறச் சுவரும் பச்சைத் தூணும் உள்ள மண்டபத்தில் என்ன விலை கொடுத்துத் துணி கட்டினாலும் அந்த ரோஸும் பச்சையும் படத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். உங்கள் முகூர்த்தம் எந்த நேரமோ அந்த நேரத்தில் போவது நல்லது. விடியற்காலை நாலரை முதல் ஆறு என்றால் மேடைக்கு விளக்கு வெளிச்சம் மட்டும்தான். ஒன்பது மணிக்கு மேல் என்றால் ஜன்னல் வெயில் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்து வாருங்கள்.

அடுத்தது பெண்ணின் சேலை. அது வாழ்நாள் முழுக்கப் பெட்டியில் இருக்கப்போவது. மேடைத் துணி ஒருநாள் பொழுதுக்கு. ஆகவே சேலைக்குத் தகுந்தபடிதான் துணி. துணிக்காகச் சேலையின் நிறத்தை மாற்றச் சொல்லும் அலங்காரக்காரர் பேச்சைக் கேட்காதீர்கள்.

சேலை தெரிந்துவிட்டால் வேலை எளிது. பின்னால் வரும் துணி சேலையைவிட நன்றாக வெளுத்திருக்க வேண்டும், அல்லது நன்றாக அடர்ந்திருக்க வேண்டும். இரண்டும் ஒரே அழுத்தத்தில் இருந்தால் பெண் துணிக்குள் கரைந்துபோவாள். அரக்குச் சேலைக்குப் பின்னால் சந்தன நிறம் நிற்கும். மாம்பழ மஞ்சளுக்குப் பின்னால் ஆழ்ந்த பச்சை நிற்கும். அரக்குக்குப் பின்னால் பாட்டில் பச்சை கட்டினால், நிறத்தில் வேறாக இருந்தாலும் அழுத்தத்தில் ஒன்றுதான். இதைக் கண்ணால் பிடிப்பது கடினம். சேலையையும் துணியையும் பக்கத்தில் வைத்துச் செல்பேசியில் ஒரு படம் எடுத்து, அதைக் கறுப்பு-வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். இரண்டும் ஒரே சாம்பல் நிறமாகத் தெரிந்தால் அந்தத் துணி வேண்டாம்.

சேலை இன்னும் எடுக்கவில்லை. அலங்காரக்காரர் இப்போதே நிறம் கேட்கிறார்.

சந்தன நிறம் என்று சொல்லிவிடுங்கள். முகூர்த்தப் பட்டில் வழக்கமாக எடுக்கும் அரக்கு, குங்குமச் சிவப்பு, பச்சை, கத்தரிப்பூ எதற்கும் அது இடைஞ்சல் செய்யாது. ஓரத்துக்கும் உச்சித் தொங்கலுக்கும் மட்டும் பின்னால் நிறம் சேர்த்துக்கொள்ளலாம்.

நிறத்தைச் சொல்லித்தான் வாங்கினோம். வந்தது வேறு நிறமாக இருக்கிறதே?

நம் பக்கத்தில் நிறத்துக்குக் குறைச்சல் இல்லாமல் பெயர் உண்டு. மயில்கழுத்து, மாந்துளிர், வெங்காயச் சருகு, வாழைப்பூ, கிளிப்பச்சை, நாவல்பழம், மிளகாய்ப்பழச் சிவப்பு என்று அடுக்கிக்கொண்டே போகலாம். மதுரையில் 1916-இல் பிறந்த எம்.எஸ். சுப்புலட்சுமி பெயராலேயே ஒரு நீலம் இருக்கிறது. எனக்கு இந்தப் பெயர்களின் மேல் தனிப் பிரியம். பெயரைச் சொன்னதும் பொருள் கண்ணில் வந்து நிற்கிறது. ஆனால் உங்கள் கண்ணில் நிற்கும் மாந்துளிரும் கடைக்காரர் கண்ணில் நிற்கும் மாந்துளிரும் ஒன்றல்ல. அதுவும் மயில்கழுத்து போன்ற பட்டில் பாவு என்னும் நீளவாட்டு இழை ஒரு நிறம், ஊடை என்னும் குறுக்கிழை ஒரு நிறம். திருப்பிப் பிடித்தால் நீலம் பச்சையாகிவிடும். தொலைபேசியில் சொல்லி வாங்குகிற காரியமில்லை இது.

சேலையோடு வரும் ரவிக்கைத் துண்டின் ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு நறுக்கி, ஓர் அட்டையில் ஒட்டிக் கையில் எடுத்துப் போங்கள். விளக்குத்தூண், பத்துத்தூண் பக்கத்துக் கடைகளில் துணியை ட்யூப் லைட்டில் காட்டுவார்கள். கேட்டால் தெருவெளிச்சத்துக்குக் கொண்டுவந்தும் காட்டுவார்கள். கேட்கக் கூச்சப்பட வேண்டாம். பட்டுக்குப் போட்ட சாயம் வேறு, பாலியஸ்டருக்குப் போட்ட சாயம் வேறு. கடை விளக்கில் இரண்டும் அச்சாக ஒன்றுபோல் தெரிந்து, மண்டபத்தின் மஞ்சள் விளக்கில் ஒன்று செங்கல்லாகவும் மற்றது ரோஸாகவும் பிரிந்துபோவது உண்டு. எல்.இ.டி. பல்பின் அட்டையில் 3000 கெல்வின் என்றிருந்தால் மஞ்சள் ஒளி, 6500 என்றிருந்தால் நீலம் கலந்த வெள்ளை. மண்டபத்தில் எது என்று கேட்டுக்கொண்டு, அதே பல்பின் கீழ் வீட்டில் ஒருமுறை வைத்துப் பார்த்துவிட்டால் நிம்மதி.

மேடைப் பின்திரை முழுக்கச் சுங்குடியில் செய்ய ஆசை. சரியாக வருமா?

வராது. இதை வருத்தத்தோடுதான் சொல்கிறேன், ஏனென்றால் முடிச்சிட்டுச் சாயமேற்றிப் புள்ளி வரவழைக்கும் இந்த மதுரைத் துணியை என்னைவிட விரும்புகிறவர்கள் குறைவாகத்தான் இருப்பார்கள்.

நல்ல பார்வையுள்ள கண் பத்து மீட்டர் தொலைவிலிருந்து ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டர் அளவுவரைதான் பிரித்தறியும். சுங்குடிப் புள்ளி அந்த அளவுதான், பல சேலைகளில் அதைவிடச் சிறியது. மேடைக்கு முன்னால் ஐந்தாம் வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்குப் புள்ளியே தெரியாது. சிவப்பில் வெள்ளைப் புள்ளி என்றால் வெளுத்த சிவப்பாக, சாயம் போன துணிபோலத் தெரியும். ஒருத்தி நாள் கணக்கில் உட்கார்ந்து முடிச்சிட்டது யார் கண்ணுக்கும் படாமல் போகும்.

சுங்குடியைக் கைக்கு எட்டும் இடத்துக்குக் கொண்டுவாருங்கள். வரவேற்பு வாசலில் சந்தனம், கற்கண்டு, பன்னீர்ச் செம்பு வைக்கும் மேசை, சீர்வரிசைத் தட்டுகளின் மேல் மூடும் துணி, ஊஞ்சலின் முதுகு, பெண்ணும் மாப்பிள்ளையும் உறவினரோடு நின்று படமெடுக்கும் மூலை, மொய் எழுதும் மேசை. இங்கெல்லாம் ஆட்கள் இரண்டடி தூரத்தில் நிற்பார்கள், தொட்டுப் பார்ப்பார்கள். பெரியவர்கள் “நம்ம ஊர்ச் சுங்குடியா!” என்று விரலால் தடவும்போது அந்தத் துணிக்குரிய மரியாதை கிடைக்கிறது.

மேடைக்குப் பின்னால் வெறும் நிறம் போதும். அங்கே பார்க்கவேண்டியது இரண்டு முகங்கள்.

கைமுடிச்சுச் சுங்குடி என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மதுரைச் சுங்குடிக்கு 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நாயக்கர் காலத்தில் இங்கே வேரூன்றிய சௌராஷ்டிரச் சமூகத்தாரின் கைவேலை அது. இன்று அந்தப் பெயரில் கடையில் தொங்குவதில் மெழுகு அச்சும் ஸ்கிரீன் அச்சும் ஏராளம். அவற்றிலும் நல்ல துணி உண்டு, அலங்காரத்துக்குத் தாராளமாக உதவும். விலையை மட்டும் கைமுடிச்சுக்குரியதாகக் கொடுத்துவிடாதீர்கள்.

முடிச்சிடுவதைக் கிட்டத்தில் பார்த்தவர்களுக்கு வித்தியாசம் சொல்லித்தரவே வேண்டாம். எங்கள் தெருவில் ஒரு பாட்டி வாசல் திண்ணையில் உட்கார்ந்து செய்வார். இடக்கை விரல்நுனியால் துணியில் ஒரு கடுகளவு கிள்ளித் தூக்கி, வலக்கை நூலால் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி இறுக்குவார். நூலை அறுக்காமலே அடுத்த கிள்ளல். பேச்சு ஒருபக்கம் ஓடும், கண் தெருவில் இருக்கும், விரல் தவறாது. சாயத்தில் முக்கிக் காயவைத்த பிறகு, இரண்டு பேர் எதிரெதிரே நின்று துணியை வெடுக்கென்று இழுப்பார்கள். முடிச்சுகள் சடசடவென்று தெறித்து, சுருங்கிக்கிடந்த துணியில் வெள்ளைப் புள்ளிகள் விழித்துக்கொள்ளும். சின்ன வயதில் அந்தச் சத்தத்துக்காகவே ஓடுவேன்.

அப்படி வந்த புள்ளி கச்சிதமான வட்டமாக இருக்காது. கொஞ்சம் சதுரம் தட்டி, நடுவில் நிறம் ஒரு பொட்டாக நிற்கும். ஒன்றுபோல் மற்றொன்று இருக்காது. விரலை ஓட்டினால் மேடு தட்டுப்படும். துணியைத் திருப்பினால் பின்பக்கமும் புள்ளி அதே தெளிவோடு இருக்கும். ஸ்கிரீன் அச்சென்றால் பின்பக்கம் மங்கல். துவைத்து இஸ்திரி போட்ட பழைய சேலையில் மேடு அமுங்கியிருக்கும், அப்போது புள்ளியின் வடிவத்தைப் பாருங்கள்.

கட்டம், கோடு, கொடி, மாங்காய் எல்லாவற்றையும் கலந்து போடலாமா?

போடலாம். அளவில் ஒன்றுக்கொன்று நன்றாக வேறுபட்டிருந்தால் சண்டை வராது. ஒரு பெரிய வடிவம், ஒரு பொடி வடிவம், நடுவே வெறும் துணி. காரைக்குடிக் கண்டாங்கிச் சேலையின் பெரிய கட்டத்துக்குப் பக்கத்தில் சுங்குடியின் பொடிப் புள்ளி அழகாக ஒத்துப்போகும். இரண்டும் பருத்தி, இரண்டுக்கும் மண்ணின் நிறம். கண்டாங்கிக்கும் 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அதே கண்டாங்கிக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் போட்ட சாட்டினை வைத்தால் இரண்டும் கெடும்.

மேடைக்கு வடிவம் வேண்டுமே வேண்டும் என்றால் ஓர் அடிக்குக் குறையாத வடிவமாக எடுங்கள். பெரிய அன்னம், பெரிய மாங்காய், அகலமான கோபுரக்கரை. மேடையின் இரு ஓரத்திலும் தொம்பை தொங்கவிட்டால் அதைவிட எடுப்பாக இருக்கும். தேரில் ஆடும் அந்த நீண்ட குழல் துணி எவ்வளவு தொலைவிலிருந்தும் பளிச்சென்று தெரிவதற்குக் காரணம் இருக்கிறது. சிவப்பையும் பச்சையையும் நேருக்கு நேர் ஒட்டித் தைத்தால் எல்லைக்கோடு கண்ணுக்கு நடுங்கும். அதனால் இரண்டுக்கும் நடுவில் வெள்ளையோ மஞ்சளோ ஒரு விரல் பட்டை கொடுத்துத்தான் அப்பா தைப்பார். அழகர் உடுப்பிலும் வெல்வெட்டின் விளிம்பில் ஜரிகை ஓடும். கூட்டத்தில் நூறு பேருக்கு நடுவே ஆடுகிறவரின் உருவம் தனியாகத் தெரிவது அந்த ஒரு விரல் பட்டையால்தான். மேடையில் இரண்டு கடும் நிறங்களைச் சேர்க்கும்போது இதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

பொடிக்கோடு போட்ட துணி மட்டும் மேடையில் வேண்டாம். வீடியோவில் அந்தக் கோடுகள் நெளிந்து நெளிந்து அலையடிக்கும். கேமராக்காரர் மேல் குற்றமில்லை. கேமராவின் புள்ளிவரிசையும் துணியின் கோடும் ஒன்றோடொன்று மோதுவதால் வருவது.

எத்தனை மீட்டர் வாங்க வேண்டும்?

மேடை இருபதடி அகலம், துணி பத்தடி உயரம் என்று வைத்துக்கொள்வோம். கொசுவம் விழவேண்டுமானால் அகலத்தைப்போல் இரண்டு மடங்கு துணி தேவை. இருபதடி என்பது 240 அங்குலம். இரண்டு மடங்கு 480. துணியின் அகலம், அதாவது பன்னா, 44 அங்குலம் என்றால் 11 துண்டு. மேலே குழாய் நுழையவும் கீழே ஓரம் அடிக்கவும் சேர்த்துத் துண்டு ஒன்றுக்குப் பதினோரடி. மொத்தம் 121 அடி, அதாவது 37 மீட்டர். 58 அங்குலப் பன்னா கிடைத்தால் 9 துண்டு, 31 மீட்டரில் முடிந்துவிடும். ஒன்றரை மடங்கு போதும் என்று மிச்சம் பிடித்தால் கொசுவம் விழாமல் வேட்டி காயப்போட்டதுபோல் தொங்கும். பணம் போதவில்லை என்றால் உயர்ந்த துணியைக் குறைத்து வாங்குவதைவிட, வெளுக்காத பருத்தியான காடாத் துணியைத் தாராளமாக வாங்குங்கள். காடாவின் பழுப்பு வெள்ளை விளக்கில் மிகவும் நன்றாக இருக்கும்.

சேலையாகவே தொங்கவிடுகிறவர்களுக்கு ஒரு கணக்கு: சேலை ஐந்தரை மீட்டர், பதினெட்டு அடி. குழாயின் மேல் பாதியாக மடித்துப் போட்டால் இருபக்கமும் ஒன்பதடி இறங்கும்; வெட்டவே வேண்டாம். எட்டடி அகலப் படமூலைக்குக் கொசுவத்தோடு நான்கு சேலை.

மொத்தத்தையும் ஒரே நாளில், ஒரே சாயம் போட்ட தானிலிருந்து (துணிச் சுருள்) வாங்குங்கள். மறுவாரம் போய் நான்கு மீட்டர் சேர்த்து வாங்கினால் அந்த நான்கு மீட்டர் மேடையில் தனியாகத் தெரியும்.

சாட்டின், நெட், வெல்வெட், பருத்தி: எது படத்தில் நன்றாக வரும்?

சாட்டின் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். ஃப்ளாஷ் அடித்தால் பெண்ணின் தலைக்குப் பின்னால் வெள்ளைத் திட்டு விழும். வெல்வெட் வெளிச்சத்தை விழுங்கிவிடும். ஆழ்ந்த நிறத்தில், நகை எடுப்பாகத் தெரிய அதைப்போல் வேறில்லை. ஆனால் கனம் அதிகம், தூசி ஒட்டும், வைகாசி மாதத்தில் பார்க்கிறபோதே வியர்க்கும். நெட் தனியாக நிற்காது. பின்னால் வேறு துணி வேண்டும். பருத்தி வெளிச்சத்தைப் பரப்பி மெதுவாகத் தருகிறது. என் முதல் தேர்வு எப்போதும் அதுதான். கசங்கும் என்பது உண்மை. முதல்நாள் இரவே தொங்கவிட்டு, கைத்தெளிப்பானால் லேசாக நீர் அடித்து, கையால் நீவிவிட்டால் காலையில் சுருக்கம் நீங்கிவிடும். சாயம் நிற்கும் துணிக்கு மட்டும் இதைச் செய்யுங்கள்.

பச்சை கட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மணவறையின் இரு பக்கத்திலும் முகத்துக்கு நெருக்கமாகப் பச்சைத் துணி வந்தால் அந்தப் பச்சை கன்னத்தில் ஏறி, முகம் சோகை பிடித்ததுபோல் தெரியும். பச்சை பின்னாலேயே இருக்கட்டும், ஐந்தாறடி தள்ளி.

வீட்டு வாசலில் பந்தல் போடுகிறோம். பந்தல் துணி எந்த நிறம்?

உச்சிக்கு வெள்ளை அல்லது சந்தனம். வேறு எதுவும் வேண்டாம். பகல் வெயில் துணிக்குள் புகுந்துதான் கீழே வருகிறது. சிவப்பும் மஞ்சளும் பட்டை போட்ட சாமியானாவுக்குக் கீழே நின்ற எல்லார் முகமும் மஞ்சள் காமாலை கண்டதுபோல் படத்தில் இருக்கும். சேலையின் நிறமே மாறிப்போகும். வண்ணத்தைப் பக்கவாட்டில் காட்டுங்கள். வாழைமரம், தென்னங்குருத்துத் தோரணம், மாவிலை மூன்றும் கட்டிய வாசலுக்கு வேறு பச்சை தேவையே இல்லை.

மண்டபத்துக்குள் துணியால் விதானம் கட்டலாமா?

மின்விசிறிகள் எங்கே இருக்கின்றன என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். விசிறிக்குக் கீழே துணி வந்தால் காற்று வராது. மேலே போனால் துணி படபடத்து இறக்கையில் சிக்கும். மேடைக்கு மேல் மட்டும், விசிறி இல்லாத இடத்தில் கட்டலாம்.

மல்லிகைக்கு எந்தத் துணி?

மதுரை மல்லிக்கு 2013 முதல் புவிசார் குறியீடு. அதன் வெள்ளைக்கு நாம் ஒரு தரை கொடுக்க வேண்டும். சந்தன நிறத் துணியில் மல்லிச்சரம் தொங்கினால் பூவும் தெரியாது, செலவும் தெரியாது. முகூர்த்த நாளில் மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் விலை என்னவாகும் என்று இந்த ஊரில் யாருக்கும் சொல்லவேண்டியதில்லை. அரக்கு, கரும்பச்சை, நாவல்பழ நிறம், இவற்றின் மேல் தொங்கவிட்டால் பாதிப் பூவே போதும்.

மல்லிகை மொட்டை அதிகாலையில் பறிப்பார்கள், அன்று மாலைக்கு மேல் விரியும். மாலை வரவேற்புக்கு அன்று காலை பறித்த மொட்டு பொருந்தும். விடியற்கால முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மொட்டுதான் கிடைக்கும், அது விரிந்து மணந்துகொண்டிருக்கும். அதுவும் நல்லதுதான். ஆனால் அதே சரத்தை மதிய விருந்துவரை வெள்ளையாக எதிர்பார்க்காதீர்கள், பழுத்துவிடும். நீடித்து நிற்கவேண்டிய இடத்துக்குச் சம்பங்கியும் செண்டுப்பூவும். செண்டுப்பூவின் ஆரஞ்சுக்குப் பக்கத்தில் ரோஸ் துணி வேண்டாம், மயில்நீலம் வையுங்கள்.

அத்தை கறுப்பு கூடவே கூடாது என்கிறார். பெண் வெள்ளை மேடை கேட்கிறாள். என்ன செய்வது?

கறுப்பில் அத்தை பக்கம்தான் நான். நம்பிக்கை உங்களுக்கு இருக்கிறதா இல்லையா என்பது இரண்டாவது. வந்திருக்கும் பெரியவர்களில் ஒருவர் மனம் துணுக்குற்றாலும் அந்த மேடை அவருக்கு இனிக்காது. கண்டாங்கிக் கட்டத்தில் ஓடும் கறுப்பு இழைபோல் நூலளவு இருந்தால் யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. கறுப்பும் சிவப்பும் பட்டையாகச் சேர்ந்தால் கட்சிக் கூட்ட மேடையாகிவிடும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெள்ளைக்குத் தடையில்லை. மல்லிகை வெள்ளை, கோலம் வெள்ளை, மாப்பிள்ளையின் வேட்டி வெள்ளை. கரையில்லாத வெறும் வெள்ளைதான் பெரியவர்களுக்கு உறுத்தும். நான்கு விரல் குங்குமச் சிவப்புக் கரை வைத்துத் தைத்துவிட்டால் பெண்ணுக்கும் திருப்தி, அத்தைக்கும் திருப்தி. கிறித்தவ வீட்டுக் கல்யாணத்தில் வெள்ளைதான் முதல் நிறம் என்பதால் அங்கே இந்தக் கேள்வியே எழாது.

பச்சைக்கு இந்த ஊரில் யாரும் மறுப்புச் சொல்லிக் கேட்டதில்லை. மீனாட்சி பச்சை நிறத்தாள். அழகர் பச்சைப் பட்டு உடுத்தி வைகையில் இறங்கினால் அந்த ஆண்டு செழிக்கும் என்று நம்புகிற ஊர் இது.

துணி நனைந்தால் சாயம் இறங்குமா?

இறங்கும். என் கைப்பட்டே நடந்தது. மேலூர்ப் பக்கம் ஒரு கல்யாணம். மணவறைத் தூண்களுக்குச் சிவப்புப் பருத்தி சுற்றியிருந்தேன், புதுத் துணி, துவைத்துப் பார்க்கவில்லை. அதன்மேல் தண்ணீர் தெளித்த பூச்சரங்களை இரவே கட்டிவிட்டார்கள். விடியற்காலையில் பெண்ணின் அப்பா தூணில் சாய்ந்து நின்று தாரைவார்க்கக் காத்திருந்தவர், திரும்பியபோது அவர் தோளில் போட்டிருந்த புது அங்கவஸ்திரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ரோஸ் கறை. அவர் கோபிக்கவில்லை, அதை மடித்து உள்பக்கமாகப் போட்டுக்கொண்டு மணவறைக்குப் போனார். எனக்குத்தான் இன்றுவரை அந்த மடிப்பு கண்ணில் நிற்கிறது.

அன்று முதல் ஒரு துணியையும் சோதிக்காமல் மேடையேற்றுவதில்லை. வெள்ளைக் கைக்குட்டையை நனைத்து, துணியின் ஒரு மூலையில் பத்து முறை அழுத்தித் தேயுங்கள். கைக்குட்டையில் நிறம் ஏறினால் துணியைத் துவைத்துக் காயவைத்து மறுபடி தேயுங்கள். நிறம் ஏறுவது நிற்கும்வரை விடாதீர்கள். கல்லுப்பு நீரில் ஊறவைப்பது வழக்கம்தான், ஆனால் அதை நம்பி இந்தச் சோதனையை விட்டுவிட வேண்டாம். பூச்சரத்தை உதறி, ஈரம் வடியவிட்டுக் கட்டச் சொல்லுங்கள். ஆள் சாயக்கூடிய இடத்தில் அடர்நிறப் பருத்தியே வேண்டாம்.

ஹோமத்துக்குப் பக்கத்தில் எந்தத் துணி பத்திரம்?

எந்தத் துணியும் இல்லை. பருத்தி குப்பென்று பற்றும். நெட்டும் சாட்டினும் பெரும்பாலும் பாலியஸ்டர். அவை உருகிச் சொட்டி, தோலில் ஒட்டிக்கொண்டு எரியும். ஹோம குண்டம், குத்துவிளக்கு, ஆரத்திக் கற்பூரம் இருக்கும் பக்கம் தொங்கல் துணி எட்டக்கூடாது; காற்றடித்தால் எவ்வளவு தூரம் ஆடும் என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். சூடேறும் ஹாலஜன் விளக்கின் மேல் துணி படக்கூடாது. மேடைக்குப் பின்னால் ஒரு வாளி மணலும் ஒரு தீயணைப்புக் கருவியும் இருக்கிறதா என்று மண்டபத்துக்காரரிடம் கேட்டு, கண்ணால் பார்த்துவிட்டு வாருங்கள்.

மொய் மேசைக்கும் பந்திக்கும் துணி தேவையா?

பந்திக்குக் காகித விரிப்புதான் சுத்தம். மொய் மேசைக்குக் கட்டாயம் போடுங்கள். கல்யாணத்துக்கு வந்த ஒவ்வொருவரும் ஒரு நிமிடமாவது நிற்கும் இடம் அது. பேனா மசி பட்டாலும் தெரியாத அடர்நிறச் சுங்குடி, தரைவரை இறங்கும்படி.

எல்லாம் முடிந்த பிறகு இவ்வளவு துணியையும் என்ன செய்வது?

இதற்காகத்தான் வெட்டாமல் சேலையாகவே தொங்கவிடச் சொல்கிறேன். குண்டூசி குத்தாமல், துணிக்கவ்வியால் பிடித்துக் கட்டியிருந்தால் ஒரு துளையும் இருக்காது. துவைத்து மடித்து நாத்தனார், சித்தி, பெரியம்மா, சமையலுக்கு உதவிய பக்கத்து வீட்டு அக்கா என்று கொடுக்கலாம். மேடையில் கட்டியதைக் கொடுக்கலாமா என்று சில வீடுகளில் யோசிப்பார்கள். முதலிலேயே பெரியவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் தெருவில் ஒரு வீட்டில், பெண் வீட்டார் படமூலையில் தொங்கிய நான்கு சுங்குடியையும் நான்கு அத்தைகளுக்குக் கொடுத்தார்கள். வளைகாப்புக்கு நால்வரும் அதையே கட்டிக்கொண்டு வந்து நின்றார்கள்.

மீட்டர் துணி என்றால் தாம்பூலப் பை தைத்துக்கொள்ளலாம். ஒரு மீட்டரில் சிறிய பை எட்டு வரும். கல்யாணத்துக்கு முன்னால் தைப்பதுதானே வழக்கம் என்பீர்கள். மேடைத் துணிப் பைகளை முதல் தீபாவளிக்குப் பலகாரம் போட்டுக் கொடுக்க வைத்துக்கொள்ளுங்கள். சாட்டினில் தைக்க வேண்டாம், எண்ணெய்க் கறை போகாது.